கிட் மிரர் பின்தங்கி நிற்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு கட்டற்ற மென்பொருளின் கிட் களஞ்சியத்தை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) நம் சர்வரிலேயே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளப் பல காரணங்கள் உண்டு. பில்ட் சர்வர் ஒவ்வொரு தடவையும் வெளியே போய் முழு வரலாற்றையும் இறக்க வேண்டியதில்லை. மூலத் தளம் படுத்துவிட்டாலும் நம் வேலை நிற்காது. இந்தப் பிரதிதான் மிரர். அதை உருவாக்க ஒரே ஒரு கட்டளை போதும். அதை மூலத்தோடு ஒத்துப்போகும்படி வைத்திருப்பதில்தான் தொல்லை எல்லாம்.

பிழைச் செய்தி காட்டி நிற்கும் மிரரைச் சரிசெய்வது எளிது. சத்தமே போடாமல் பின்தங்கும் மிரர்தான் ஆபத்து. கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் சேவை) ஓடுகிறது, வெளியேறும் குறியீடு சுழியம், லாக் கோப்பு சுத்தம். ஆனால் உள்ளே இருப்பது போன மாதத்து நிரல். அதனால் கீழே வரும் எந்த அறிகுறிக்கும் போவதற்கு முன் அளந்து பார்க்கும் பகுதியைப் படித்துவிடுங்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

மிரர் அடைவுக்குள் போய் இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

கிட் எல்எஸ்-ரிமோட் --ரெஃப்ஸ் ஆரிஜின்
கிட் ஷோ-ரெஃப்

முதலாவது, மூலக் களஞ்சியத்தில் இந்த நொடியில் எந்தக் கிளை எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நிற்கிறது என்று கேட்டு வாங்கிவரும். இரண்டாவது, நம்மிடம் இருப்பதைச் சொல்லும். இரண்டின் வெளியீட்டையும் தனித்தனிக் கோப்பில் போட்டு, வரிசைப்படுத்தி, டிஃப் எடுங்கள். முதலாவதில் ஹேஷுக்கும் (கமிட்டின் அடையாள எண்) பெயருக்கும் நடுவே டேப் இருக்கும், இரண்டாவதில் இடைவெளி. அதை டிஆர் கட்டளையால் ஒன்றாக்காவிட்டால் எல்லா வரியும் வேறுபட்டதாகத்தான் தெரியும். --ரெஃப்ஸ் விருப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் விளக்கக் குறிப்போடு போட்ட ஒவ்வொரு டேகும் (கமிட்டுக்கு இட்ட பெயர்) இரண்டு வரியாக வரும், ஹெட் (இயல்பாக விரியும் கிளையைக் காட்டும் சுட்டி) வேறு தனியாக வந்து நிற்கும்.

டிஃப் காலியாக இருந்தால் மிரர் சரியாகத்தான் இருக்கிறது; கோளாறு, அதை மற்றவர்களுக்கு வழங்கும் இடத்தில். மூலத்தில் மட்டும் இருக்கும் வரிகள் என்றால் ஃபெட்ச் (மூலத்திலிருந்து இறக்குவது) நடக்கவில்லை; கிளைகளையும் டேகுகளையும் மட்டும் இழுக்கும் மிரர் என்றால் மற்ற வரிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். நம்மிடம் மட்டும் இருக்கும் வரிகள் என்றால் ப்ரூன் (மூலத்தில் நீக்கியதை இங்கும் நீக்குவது) நடக்கவில்லை. பெயர் ஒன்று, ஹேஷ் வேறு என்றால் ஒருமுறை ஃபெட்ச் செய்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். பரபரப்பான களஞ்சியத்தில் நீங்கள் இரண்டு கட்டளையும் தட்டி முடிப்பதற்குள் யாராவது புஷ் செய்திருப்பார்கள் (புது மாற்றத்தை ஏற்றியிருப்பார்கள்).

கடைசிக் கமிட்டின் தேதியை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். அந்தத் தேதி கமிட் போட்டவரின் கணினி சொன்னது. மூன்று மாதம் முன்பு எழுதிய கமிட் இன்றைக்குப் புஷ் ஆகலாம். மூலத்திலேயே மூன்று மாதமாக யாரும் எதுவும் செய்யாமலும் இருக்கலாம்.

அறிகுறி: ஃபெட்ச் ஓடுகிறது, பிழை இல்லை, ஆனால் எதுவும் மாறவில்லை

நான் பார்த்தவரை அடிக்கடி வருவது இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றேதான். களஞ்சியத்தை --மிரர் போட்டு எடுக்காமல் --பேர் போட்டு குளோன் செய்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வேலை செய்யும் கோப்புகள் இரண்டிலும் கிடையாது, உள்ளே அதே அடைவுகள்தான். ஆனால் --பேர் குளோனில் ரிமோட்டின் முகவரி மட்டும்தான் பதிவாகும். எந்தக் கிளையை எங்கே எழுத வேண்டும் என்ற ரெஃப்ஸ்பெக் பதிவாகாது. அந்த நிலையில் கிட் ஃபெட்ச் என்று தட்டினால் அது மூலத்தின் ஹெட்டை மட்டும் இறக்கி, ஃபெட்ச்_ஹெட் என்ற கோப்பில் குறித்துவிட்டு, வெற்றி என்று சொல்லிவிடும். கிளைகள் குளோன் செய்த நாளில் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சோதிக்க:

கிட் கான்ஃபிக் --கெட்-ஆல் ரிமோட்.ஆரிஜின்.ஃபெட்ச்

பதில் எதுவும் வராவிட்டால் நோய் இதுதான். மறுபடி குளோன் செய்யத் தேவையில்லை. இரண்டு வரி சேர்த்தால் போதும்:

கிட் கான்ஃபிக் --ஆட் ரிமோட்.ஆரிஜின்.ஃபெட்ச் '+ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*:ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*'
கிட் கான்ஃபிக் --ஆட் ரிமோட்.ஆரிஜின்.ஃபெட்ச் '+ரெஃப்ஸ்/டேக்ஸ்/*:ரெஃப்ஸ்/டேக்ஸ்/*'

பிறகு கிட் ஃபெட்ச் --ப்ரூன் ஆரிஜின். முன்னால் இருக்கும் கூட்டல் குறி முக்கியம். மூலத்தில் யாராவது வரலாற்றை மாற்றி ஃபோர்ஸ் புஷ் செய்தால், கூட்டல் இல்லாத மிரர் "நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்" என்று சொல்லி அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடும். டேக் விஷயமும் அப்படியே. கிட் 2.20-இலிருந்து, ஏற்கெனவே இருக்கும் டேகை மூலத்தில் நகர்த்தியிருந்தால் "வுட் க்ளாபர் எக்ஸிஸ்டிங் டேக்" என்று மறுப்பு வரும். கூட்டல் போட்டால் இரண்டும் அடங்கும்.

--மிரர் குளோன் தானாக எழுதும் '+ரெஃப்ஸ்/*:ரெஃப்ஸ்/*' என்பதை விட்டு ஏன் இரண்டு வரி என்று கேட்கலாம். அதற்கான காரணம் வட்டு நிறையும் அறிகுறியில் வருகிறது.

ப்ரூனை ஒவ்வொரு தடவையும் தட்ட மறந்துபோகும் என்றால் ஃபெட்ச்.ப்ரூன் அமைப்பை ட்ரூ என்று வைத்துவிடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. சாதாரண குளோன் எடுத்து, கிரானில் கிட் புல் போட்டிருப்பார்கள். அது மிரரே இல்லை. செக்-அவுட் ஆகியிருக்கும் ஒரு கிளை மட்டும் நகரும், மூலத்தில் ஃபோர்ஸ் புஷ் நடந்த அன்று "டைவர்ஜென்ட் பிராஞ்சஸ்" என்று நின்றுவிடும். அதைச் சரிசெய்ய உட்கார வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு --மிரர் எடுங்கள்.

அறிகுறி: கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, கிரானில் செய்யவில்லை

கிரானுக்கு உங்கள் ஷெல்லின் சூழல் கிடையாது. பாத் சுருக்கமாக இருக்கும், எஸ்எஸ்ஹெச் ஏஜெண்ட் இருக்காது. நீங்கள் லாகின் செய்தபோது கடவுச்சொல் கொடுத்துத் திறந்த சாவி அங்கே திறந்திருக்காது. மிரருக்கென்று தனியாக, படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு டிப்ளாய் சாவி வைத்துக்கொள்வது நல்லது. பொதுக் களஞ்சியம் என்றால் பேசாமல் ஹெச்டிடிபிஎஸ் போதும், சாவியே வேண்டாம்.

கிரான் வேலை முடியாமல் தொங்கிக்கொண்டே இருந்தால் அது யாரிடமோ பதிலுக்குக் காத்திருக்கலாம். ஸ்கிரிப்டின் தலையில் கிட்_டெர்மினல்_ப்ராம்ப்ட்=0 என்று வையுங்கள். எஸ்எஸ்ஹெச் என்றால் கிட்_எஸ்எஸ்ஹெச்_கமாண்ட் மாறியில் பேட்ச்மோட்=யெஸ் சேருங்கள். காத்திருப்பதற்குப் பதில் உடனே தோற்று, காரணத்தை லாகில் எழுதும். வலையே பாதியில் செத்துப்போய்த் தொங்கினால் ஹெச்டிடிபி.லோஸ்பீட்லிமிட், ஹெச்டிடிபி.லோஸ்பீட்டைம் இரண்டையும் அமையுங்கள். இத்தனை நொடிக்கு இவ்வளவுக்கும் குறைவான வேகம் என்றால் தொடர்பை விட்டுவிடு என்று பொருள்.

"டிடெக்டட் டூபியஸ் ஓனர்ஷிப்" என்ற செய்தி வந்தால் களஞ்சியத்தின் உரிமையாளர் ஒருவர், கட்டளையை ஓட்டுபவர் வேறொருவர். 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது. அடுத்தவர் அடைவில் வைத்த கான்ஃபிக் கோப்பின் வழியாக உங்கள் உரிமையில் கட்டளை ஓடிவிடக்கூடாது என்பதற்காக. சரியான தீர்வு, ஒரே பயனரின் பெயரில் அடைவையும் கிரானையும் வைப்பதுதான். முடியாவிட்டால் சேஃப்.டைரக்டரி அமைப்பில் அந்தப் பாதையைச் சேருங்கள். ஆனால் அதை --குளோபல் அல்லது --சிஸ்டம் கான்ஃபிகில்தான் சேர்க்க வேண்டும். களஞ்சியத்துக்குள் இருக்கும் கான்ஃபிகில் எழுதினால் கிட் கண்டுகொள்ளாது. கண்டுகொண்டால் அந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. பாதைக்குப் பதில் நட்சத்திரக் குறி போடச் சொல்பவர்கள் உண்டு. பலர் புழங்கும் சர்வரில் அது பூட்டைக் கழற்றி வைப்பதுதான்.

அறிகுறி: பொதுக் களஞ்சியம், ஆனால் பயனர்பெயர் கேட்கிறது

"குட் நாட் ரீட் யூசர்நேம்" என்று லாகில் வந்தால் பாதிப் பேர் கடவுச்சொல்லைத் தேடப் போவார்கள். முதலில் களஞ்சியத்தின் முகவரியை உலாவியில் திறந்து பாருங்கள். கிட்ஹப் போன்ற தளங்கள் இல்லாத களஞ்சியத்துக்கும் தனிப்பட்ட களஞ்சியத்துக்கும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும்: யார் நீ என்று கேட்கும். ஆக, நேற்றுவரை திறந்திருந்தது இன்று பயனர்பெயர் கேட்டால் அது நீக்கப்பட்டிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம், மூடப்பட்டிருக்கலாம்.

பெயர் மாறிய களஞ்சியத்துக்குக் கிட்ஹப் பழைய முகவரியிலிருந்து வழிமாற்றிவிடும். ஆனால் யாராவது அதே பழைய பெயரில் புதுக் களஞ்சியம் தொடங்கினால் அந்த வழிமாற்றம் போய்விடும். அப்புறம் உங்கள் மிரர் வேறு ஏதோ ஒரு களஞ்சியத்தை உண்மை என்று நம்பி இழுக்கும். இடம் மாறியது தெரிந்தவுடன் கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஆரிஜின் என்று புது முகவரியைக் கொடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அறிகுறி: நன்றாக ஓடிய மிரர் ஒருநாள் தொடர்பே கிடைக்காமல் நின்றது

பழைய சர்வரைக் கையில் எடுக்கும்போது இது நிறைய வரும். எந்தத் தேதியிலிருந்து நின்றது என்று லாகில் பாருங்கள். தேதியே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும்.

2021 ஆகஸ்ட் 13-இலிருந்து என்றால், கிட்ஹப் அன்றோடு கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியது. முகவரிக்குள் கடவுச்சொல் பொதிந்திருந்தால் டோக்கனுக்கு மாறுங்கள்.

2021 செப்டம்பர் 30-ஐ ஒட்டி சான்றிதழ்ப் பிழை வந்தால், லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்த பழைய வேர்ச் சான்றிதழ் அன்று காலாவதியானது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய நூலகங்கள் அதில் சறுக்கின. இயங்குதளத்தின் சான்றிதழ்த் தொகுப்பைப் புதுப்பியுங்கள். ஹெச்டிடிபி.எஸ்எஸ்எல்வெரிஃபை அமைப்பை ஃபால்ஸ் ஆக்கித் தப்பிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் உங்கள் பில்டுக்குள் யார் எதை நுழைத்தாலும் தெரியாது.

2022 மார்ச் 15-இலிருந்து என்றால் முகவரி கிட்:// என்று தொடங்குகிறதா பாருங்கள். குறியாக்கம் இல்லாத அந்த நெறிமுறையைக் கிட்ஹப் அன்று முழுதாக நிறுத்தியது. வேறு தளங்களில் அது இன்னும் இருக்கலாம், ஆனால் அது பயன்படுத்தும் 9418 போர்ட்டை நிறைய ஃபயர்வால்கள் அடைத்துவிடும். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறினால் தீர்ந்தது.

2023 மார்ச் 24-இலிருந்து "ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹாஸ் சேஞ்ச்ட்" என்று பெரிய எழுத்தில் கத்தினால், கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவியை அன்று மாற்றியது. எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஆர் கொண்டு பழைய வரியை நீக்கி, கிட்ஹப் தன் ஆவணத்தில் வெளியிட்டிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்ட பிறகே புதுச் சாவியை ஏற்றுக்கொள்ளுங்கள். தேதி இவற்றில் எதோடும் பொருந்தாமல் அந்த எச்சரிக்கை வந்தால் நிஜமாகவே நடுவில் யாரோ இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள்.

அறிகுறி: "கேனாட் லாக் ரெஃப்"

செய்தியின் முன்பாதி ஒன்றே, பின்பாதிதான் காரணத்தைச் சொல்கிறது. முழு வரியையும் படியுங்கள்.

பின்பாதியில் ".லாக் ... ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று இருந்தால், முந்தைய ஓட்டம் பாதியில் செத்துப் பூட்டுக் கோப்பை விட்டுப் போயிருக்கிறது, அல்லது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிஎஸ் கட்டளையால் வேறு கிட் செயல்முறை இல்லை என்று உறுதி செய்த பிறகு அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்குங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எல்லா .லாக் கோப்பையும் அழிக்கும் வரியைச் சிலர் போட்டு வைப்பார்கள். இரண்டு ஓட்டம் மோதும்போது பாதுகாப்பது அந்தப் பூட்டுத்தான். அதை ஏன் உடைக்க வேண்டும்? ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்காதபடி கிரான் வரியில் எஃப்லாக் -என் சேர்த்தால் மோதலே வராது.

பின்பாதியில் "ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/ஃபிக்ஸ் எக்ஸிஸ்ட்ஸ், கேனாட் கிரியேட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/ஃபிக்ஸ்/லாகின்" என்ற தினுசில் இருந்தால் பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூலத்தில் ஃபிக்ஸ் என்ற கிளையை நீக்கிவிட்டு ஃபிக்ஸ்/லாகின் என்ற கிளையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரே பெயர் கோப்பாகவும் அடைவாகவும் இருக்க முடியாதே. --ப்ரூன் போட்டு ஃபெட்ச் செய்தால் கிட் முதலில் பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை இழுக்கும், தானாகச் சரியாகிவிடும். ப்ரூன் இல்லாத மிரர்கள் மாதக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு இப்படித் திடீரென்று நிற்பது இதனால்தான்.

மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது. ஒவ்வொரு ஃபெட்சிலும் அதே கிளை "அப்டேட் ஆனது" என்று வந்துகொண்டே இருக்கும், அல்லது பூட்டுப் பிழை வரும். மிரர் இருப்பது மேக் அல்லது விண்டோஸில் என்றால், மூலத்தில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மட்டும் வேறுபடும் இரண்டு கிளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கோப்பமைப்புகளின் இயல்பு நிலையில் இரண்டும் ஒரே கோப்பு. ஒன்றை எழுதினால் மற்றது அழியும். மிரரை லினக்ஸுக்கு மாற்றுங்கள். கிட் 2.45-இல் வந்த ரெஃப்டேபிள் வடிவம் கிளைகளைத் தனித்தனிக் கோப்பாக வைக்காது என்பதால் அதுவும் ஒரு வழி.

அறிகுறி: மிரரிலிருந்து குளோன் செய்தால் காலி அடைவு வருகிறது

"ரிமோட் ஹெட் ரெஃபர்ஸ் டு நான்எக்ஸிஸ்டென்ட் ரெஃப்" என்ற எச்சரிக்கை கூட வந்திருக்கும். மூலத்தில் முதன்மைக் கிளையின் பெயரை மாஸ்டரிலிருந்து மெயின் என்று மாற்றியிருப்பார்கள். ஃபெட்ச் மெயினைக் கொண்டுவந்துவிட்டது, ப்ரூன் மாஸ்டரை நீக்கிவிட்டது. ஆனால் மிரரின் ஹெட் இன்னும் இல்லாத மாஸ்டரையே சுட்டிக்கொண்டு நிற்கிறது. கிட்டின் பல பதிப்புகளில் ஹெட்டை ஃபெட்ச் தொடுவதில்லை. நிரல் முழுதும் உள்ளேதான் இருக்கிறது, எந்தக் கிளையை விரிப்பது என்று மட்டும் தெரியவில்லை.

கிட் எல்எஸ்-ரிமோட் --சிம்ரெஃப் ஆரிஜின் ஹெட்
கிட் சிம்பாலிக்-ரெஃப் ஹெட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்

முதல் கட்டளை மூலத்தில் ஹெட் எங்கே நிற்கிறது என்று சொல்லும், இரண்டாவது அதை நம்மிடம் எழுதும். நிறைய மிரர் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஃபெட்சுக்குப் பிறகும் ஓடவிடலாம்.

அறிகுறி: மிரர் புதிதாக இருக்கிறது, இழுப்பவர்களுக்குப் பழையது போகிறது

டிஃப் காலி என்று வந்த பிறகும் ஆட்கள் புகார் சொன்னால் இங்கே பாருங்கள். மிரரை வெறும் வலைச் சர்வரில் கோப்புகளாக வைத்து வழங்குகிறீர்களா? அந்த முறையில் இழுப்பவர்கள் இன்ஃபோ/ரெஃப்ஸ் என்ற கோப்பைப் பார்த்துத்தான் கிளைகளைத் தெரிந்துகொள்வார்கள். அதை எழுதுவது கிட் அப்டேட்-சர்வர்-இன்ஃபோ. அதற்கென்று போஸ்ட்-அப்டேட் ஹூக்கை (தானாக ஓடும் ஸ்கிரிப்டை) இயக்கி வைத்திருக்கிறோமே என்பார்கள். அந்த ஹூக் யாராவது உள்ளே புஷ் செய்தால்தான் ஓடும். மிரர் ஃபெட்ச்தானே செய்கிறது, ஓடாது. சில சமயம் ரீபேக் (சேமித்த தரவை மறுபடி தொகுப்பது) நடக்கும்போது அந்தக் கோப்பும் சேர்ந்து புதுப்பிக்கப்படும். அதனால் எப்போதாவது சரியாகி மறுபடி பின்தங்கும், குழப்பம் இன்னும் கூடும். ஸ்கிரிப்டில் ஃபெட்சுக்கு அடுத்த வரியாக அந்தக் கட்டளையைப் போடுங்கள். முடிந்தால் கிட்-ஹெச்டிடிபி-பேக்எண்ட் பக்கம் மாறிவிடுங்கள், இந்தக் கோப்பே தேவைப்படாது.

சிஜிட் (களஞ்சியத்தை உலாவியில் காட்டும் மென்பொருள்) பக்கத்தில் "கடைசி மாற்றம்" பழையதாகக் காட்டினால் அது இன்ஃபோ/வெப்/லாஸ்ட்-மாடிஃபைட் என்ற கோப்பை எதிர்பார்க்கிறது. ஃபெட்சுக்குப் பிறகு கடைசிக் கமிட்டின் தேதியை அதில் எழுதிவிட்டால் போதும்.

அறிகுறி: பாதியில் "எர்லி இஓஎஃப்" என்று அறுந்துவிடுகிறது

"ஆர்பிசி ஃபெயில்ட்", "இன்வாலிட் இண்டெக்ஸ்-பேக் அவுட்புட்" இரண்டும் இதன் உறவுகள். தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை ஹெச்டிடிபி.போஸ்ட்பஃபரைக் கூட்டுங்கள் என்பது. அது நாம் அனுப்பும் தரவுக்கான இடையகம். இறக்கும்போது அறுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

உண்மைக் காரணம், கிட் இறக்கும் பேக் (தரவை ஒன்றாகச் சுருக்கிய கோப்பு) விட்ட இடத்திலிருந்து தொடராது. தொண்ணூறு சதவீதத்தில் அறுந்தாலும் அடுத்த தடவை முதலிலிருந்துதான். அதனால் ஒரே மூச்சில் இழுக்கும் அளவைக் குறைக்க வேண்டும். பழைய வெளியீட்டு டேகிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இழுங்கள்:

கிட் ஃபெட்ச் ஆரிஜின் ரெஃப்ஸ்/டேக்ஸ்/வி1.0:ரெஃப்ஸ்/டேக்ஸ்/வி1.0

ஒவ்வொரு படியும் வெற்றியானால் அதுவரை வந்தது நிலைத்துவிடும், அடுத்தது மிச்சத்தை மட்டும் கேட்கும். இன்னொரு வழி பண்டில். நல்ல இணைப்புள்ள வேறொரு கணினியில் கிட் பண்டில் கிரியேட் --ஆல் மூலம் ஒரே கோப்பாக்கி, ஆர்சிங்க் --பார்ஷியல் கொண்டு இங்கே கொண்டுவாருங்கள். அது அறுந்தாலும் தொடரும். அந்தக் கோப்பிலிருந்து --மிரர் குளோன் செய்து, பிறகு ஆரிஜின் முகவரியை மூலத்துக்கு மாற்றுங்கள். லினக்ஸ் கர்னலுக்குக் கர்னல்.ஆர்க் தளமே இப்படிப்பட்ட பண்டில் கோப்பை வழங்குகிறது.

செய்தியில் "சிக்னல் 9" என்று இருந்தால் வலையைக் குறை சொல்ல வேண்டாம். நினைவகம் போதாமல் கர்னல் அந்தச் செயல்முறையைக் கொன்றிருக்கிறது. பேக்.த்ரெட்ஸை 1 ஆக்கிப் பாருங்கள்.

அறிகுறி: வட்டு நிறைந்துகொண்டே போகிறது

கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் -விஹெச் என்று தட்டினால் எங்கே கனம் என்று தெரியும்.

'கார்பேஜ்' வரியில் எண் இருந்தால், பெரும்பாலும் ஆப்ஜெக்ட்ஸ்/பேக் அடைவில் டிஎம்பி_பேக் என்று தொடங்கும் கோப்புகள் கிடக்கும். அறுந்துபோன ஒவ்வொரு ஃபெட்சும் விட்டுச்சென்ற மிச்சம். எந்தக் கிட்டும் ஓடாதபோது அழித்துவிடலாம்.

பேக்குகளின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியும் தானியங்கிச் சுத்தம் நடக்கவில்லை என்றால் ஜிசி.லாக் என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். முந்தைய சுத்தம் எதிலோ தடுக்கியிருந்தால் அதை இந்தக் கோப்பில் எழுதிவைத்து, இயல்பில் ஒரு நாள் வரை மறுபடி முயலாது. அதைப் படித்துக் காரணத்தைத் தீர்த்த பிறகு நீக்குங்கள்.

எதுவும் இல்லை, ஆனாலும் மூலக் களஞ்சியத்தை விடப் பெரிதாக இருக்கிறது என்றால் காரணம் ரெஃப்ஸ்பெக். --மிரர் எல்லா ரெஃப்பையும் (கிளை, டேக் போன்ற பெயர்கள்) இழுக்கும். கிட்ஹப் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டையும் ரெஃப்ஸ்/புல் கீழே வைத்திருக்கிறது, மூடியவையும் நிராகரித்தவையும் சேர்த்து. கிட்லேப் ரெஃப்ஸ்/மெர்ஜ்-ரிக்வெஸ்ட்ஸ் கீழே. பிரபலமான களஞ்சியத்தில் யாரோ தவறுதலாகச் சேர்த்த பெரிய பைனரிகூட அதன் வழியாக உங்கள் வட்டுக்கு வந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் ஃபெட்ச் வரியை நீக்கிவிட்டு, மேலே சொன்ன இரண்டு வரி ரெஃப்ஸ்பெக்கை வையுங்கள். அதோடு முடியாது: புதிய ரெஃப்ஸ்பெக்குக்கு வெளியே இருப்பதை ப்ரூன் தொடாது. பழையவற்றைக் கையால் நீக்க வேண்டும்:

கிட் ஃபார்-ஈச்-ரெஃப் --ஃபார்மட்='டிலீட் %(ரெஃப்நேம்)' ரெஃப்ஸ்/புல் | கிட் அப்டேட்-ரெஃப் --எஸ்டிடிஇன்

அதன் பிறகு கிட் ஜிசி (களஞ்சியச் சுத்தம்). இயல்பில் இரண்டு வாரத்துக்குள் வந்த, யாரும் சுட்டாத பொருள்களை அது விட்டுவைக்கும் என்பதால் இடம் உடனே காலியாகாது.

அறிகுறி: நான் வைத்த டேக் காணாமல் போகிறது

முழு மிரரில் ப்ரூன் ஓடினால் மூலத்தில் இல்லாத எதுவும் தங்காது. உங்கள் சொந்த டேக், சொந்தக் கிளை எல்லாம் அதில் அடக்கம். சொந்த அடையாளங்களை வேறொரு களஞ்சியத்தில் வையுங்கள், அல்லது இரண்டு வரி ரெஃப்ஸ்பெக்குக்கு மாறி, ரெஃப்ஸ்/உள் போன்ற தனி இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: கோப்புகள் வருகின்றன, உள்ளே மூன்று வரி உரைதான்

படம், மாதிரித் தரவு என்று பெரிதாக இருக்க வேண்டிய கோப்பைத் திறந்தால் வெர்ஷன், ஓஐடி, சைஸ் என்று மூன்று வரி மட்டும் இருக்கிறதா? அது எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளுக்கான கிட் நீட்சி) சுட்டி. நிஜக் கோப்பு கிட் களஞ்சியத்துக்கு வெளியே தனிச் சேமிப்பில் இருக்கிறது, மிரர் அதை இழுப்பதில்லை. கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச் --ஆல் என்பதையும் ஸ்கிரிப்டில் சேருங்கள். அதை மற்றவர்களுக்கு வழங்க எல்எஃப்எஸ் சர்வர் ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் இழுப்பவர்கள் எல்எஃப்எஸ்.யூஆர்எல் அமைப்பை மூலத்துக்கே திருப்பிக்கொள்ளலாம்.

சப்மாட்யூல்களும் (உள்ளே சுட்டப்படும் வேறு களஞ்சியங்கள்) அப்படியே. ஒவ்வொன்றுக்கும் தனி மிரர் வேண்டும். மூலத்தின் முகவரியை உங்கள் மிரருக்குத் திருப்ப, இழுக்கும் கணினியின் கான்ஃபிகில் இன்ஸ்டெட்ஆஃப் அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: மிரரை நம்பி எடுத்த குளோன்கள் திடீரென்று உடைகின்றன

பில்ட் சர்வர்களில் வேகத்துக்காக --ரெஃபரன்ஸ் அல்லது --ஷேர்ட் போட்டு குளோன் எடுப்பார்கள். அந்த குளோன் பொருள்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், ஆப்ஜெக்ட்ஸ்/இன்ஃபோ/ஆல்டர்நேட்ஸ் கோப்பில் மிரரின் பாதையை எழுதி அங்கிருந்தே படிக்கும். மூலத்தில் ஒருநாள் ஃபோர்ஸ் புஷ் நடக்கிறது. மிரர் கீழ்ப்படிந்து பழைய கமிட்டுகளைக் கைவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து ஜிசி அவற்றை அழிக்கிறது. அந்தக் கமிட்டுகளை இன்னும் நம்பியிருக்கும் குளோனுக்கு அடியிலிருந்த தரை போய்விடுகிறது. காரணம் நடந்து இரண்டு வாரம் கழித்துப் பிழை வருவதால் யாருக்கும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை.

மிரரில் ஜிசி.ப்ரூன்எக்ஸ்பயர் அமைப்பை நெவர் ஆக்குங்கள். கிட் 2.41-இலிருந்து யாரும் சுட்டாத பொருள்கள் ஒரு தனிப் பேக்கில் சேர்வதால் முன்போல ஆயிரக்கணக்கான சில்லறைக் கோப்புகளாகச் சிதறாது. குளோன் பக்கத்தில் --டிசோசியேட் சேர்த்தால் எடுக்கும்போதே பொருள்கள் நகலாகிவிடும். ஏற்கெனவே எடுத்த, இன்னும் உடையாத குளோனில் கிட் ரீபேக் -ஏ -டி ஓட்டிவிட்டு ஆல்டர்நேட்ஸ் கோப்பை நீக்குங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

மூலம் வரலாற்றை அழித்தாலும் உங்களிடம் தடயம் வேண்டும் என்றால் கோர்.லாக்ஆல்ரெஃப்அப்டேட்ஸ் அமைப்பை ஆல்வேஸ் என்று வையுங்கள். பேர் களஞ்சியங்களில் ரெஃப்லாக் (கிளை நகர்ந்த பதிவு) இயல்பாக எழுதப்படுவதில்லை. ஆனால் கிளையே நீக்கப்பட்டால் அதன் ரெஃப்லாகும் கூடவே போய்விடும். அதற்கும் அசராத ஏற்பாடு, தேதி போட்ட பண்டில்களை வேறு வட்டில் எடுத்து வைப்பதுதான்.

அறிகுறி: மிரரை இன்னொரு தளத்துக்குத் தள்ளும்போது மறுப்பு

"டினை அப்டேட்டிங் எ ஹிடன் ரெஃப்" என்று ரெஃப்ஸ்/புல் வரிகள் தோற்றால் அவை கிட்ஹப் தானே பராமரிப்பவை, வெளியிலிருந்து எழுத விடாது. ரெஃப்ஸ்பெக்கைச் சுருக்கிப் பழையவற்றை நீக்கினால் இதுவும் தீரும். புஷ் --மிரர் போடும் இடத்தில் மட்டும் கவனம்: இங்கே இல்லாத கிளைகளை அது அங்கே நீக்கிவிடும். --மிரர் குளோனில் ரிமோட்.ஆரிஜின்.மிரர் ட்ரூவாகப் பதிவாகியிருப்பதால், வெறுமனே கிட் புஷ் என்று தட்டினால்கூட மூலத்துக்கே மிரர் புஷ் போகும். உங்களுக்கு மூலத்தில் எழுதும் உரிமை இருந்தால் இன்றைக்கே அந்தக் கதவை அடைத்துவிடுங்கள்:

கிட் ரிமோட் செட்-யூஆர்எல் --புஷ் ஆரிஜின் நோ-புஷ்